மறு: ‘அண்டர்கட்’ – ‘கீழ்வெட்டு’ வேண்டாமே

குழுவினருக்கு வணக்கம். ஃபார்முலா 1 கார்ப் பந்தயத்தில் வரும் ‘அண்டர்கட்’ என்ற உத்திக்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் பேச்சுக்கு இது என் பதில் (ஆகஸ்ட் 2024).

> ‘அண்டர்கட்’ என்பதைக் ‘கீழ்வெட்டு’ என்றே சொல்லிவிடலாம். நேரடியாகவும் இருக்கிறது, சுருக்கமாகவும் இருக்கிறது.

ஐயா, சுருக்கம் சரிதான். ஆனால் இந்தச் சொல்லைப் படித்துவிட்டுப் பந்தயத்தில் என்ன நடந்தது என்று ஒருவராவது சொல்லிவிட முடியுமா? மலேசியாவில் எங்கள் பந்திங் பக்கம் ‘வெட்டு’ என்றாலே பால்மரம்தான், அதாவது ரப்பர் மரம். அப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன். தோட்டத்தில் உளி பிடித்த மனிதர், “அடிப்பட்டையில வெட்டுறதா?” என்று கேட்டார். இளையவர்களுக்குச் செம்பனை (எண்ணெய்ப் பனை) குலை நினைவுக்கு வரும். டயர் யாருக்கும் வராது.

இந்த விளையாட்டைப் பார்க்காதவர்களும் குழுவில் இருப்பதால், முதலில் செயலைச் சொல்லிவிடுகிறேன். ஃபார்முலா 1 பந்தயத்தின் நடுவில் எரிபொருள் நிரப்புவது 2010 முதல் தடை. எனவே வண்டி உள்ளே வந்து நிற்பது பெரும்பாலும் டயருக்காகத்தான். தரை காய்ந்திருந்தால் இரண்டு வகை டயராவது பயன்படுத்தியாக வேண்டும் என்பது விதி. அதனால் எல்லோரும் ஒரு முறையாவது நிற்பார்கள். மாற்றும் வேலை இரண்டு மூன்று வினாடியில் முடிந்துவிடும். 2023இல் கத்தாரில் மெக்லாரன் அணி 1.80 வினாடியில் முடித்தது. ஆனால் டயர் மாற்றும் இடத்துக்கு (‘பிட்’) போகும் ஒதுக்குப்பாதையில் வேகக் கட்டுப்பாடு உண்டு. உள்ளே போய் வெளியே வருவதற்குள் பல தடங்களில் 20 வினாடி அளவுக்கு இழப்பு.

இந்த இழப்பு முன்னால் ஓடுபவருக்கும் பின்னால் ஓடுபவருக்கும் ஒன்றுதான். யார் முதலில் நிற்கிறார் என்பதில்தான் சூட்சுமம். இரண்டு வினாடி பின்னால் ஓடுபவர் முதலில் உள்ளே போய்ப் புது டயரோடு வெளியே வருகிறார். முன்னவர் இன்னும் தேய்ந்த டயரில் ஓடிக்கொண்டிருக்கிறார். அந்த ஒன்றிரண்டு சுற்றிலேயே புது டயர்க்காரர் இடைவெளியைத் தின்றுவிடுவார். முன்னவர் தம் முறைக்கு நின்று வெளியே வரும்போது இடம் போயிருக்கும். தடத்தில் யாரும் யாரையும் உரசக்கூட இல்லை, வரிசை மட்டும் மாறிவிட்டது.

இதில் எங்கே ‘கீழ்’? எங்கே ‘வெட்டு’? ஆங்கிலச் சொல்லின் உறுப்புகளைப் பெயர்த்தால் பொருளும் கூடவே வந்துவிடும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

இந்த ஆண்டு, 2024இல், இந்தச் சொல் தேவைப்படுவதற்குக் காரணமும் உண்டு. 24 பந்தயங்களில் 14 முடிந்து, இந்த ஆகஸ்டில் கோடை ஓய்வு. முதல் பத்துப் பந்தயங்களில் ஏழில் ரெட் புல் அணியின் வெர்ஸ்டாப்பன் வென்றபோது, போன ஆண்டு போலவே இதுவும் முடிந்த கதை என்று நானும் என் கூட்டாளிகளும் பந்தயம் பார்க்க மாமாக் உணவுக்கடைக்குப் போவதையே குறைத்துவிட்டோம். அப்புறம் பாருங்கள், அடுத்த நான்கில் அவருக்கு ஒன்றுகூட இல்லை. ஆஸ்திரியாவில் மெக்லாரனின் நோரிஸுடன் மோதல், மெர்சிடிஸ் அணியின் ரஸ்ஸலுக்கு வெற்றி. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டனில் ரஸ்ஸலின் அணித் தோழர் ஹாமில்டன், 2021 டிசம்பருக்குப் பிறகு அவருக்கு முதல் வெற்றி. பெல்ஜியத்தில் முதலில் வந்த ரஸ்ஸலின் வண்டி இந்த ஆண்டின் குறைந்தபட்ச எடையான 798 கிலோவுக்கு ஒன்றரைக் கிலோ குறைவு என்று தகுதி நீக்கம், வெற்றி மறுபடியும் ஹாமில்டனுக்கு. பதினான்கு பந்தயங்களில் ஏழு பேர் வென்றிருக்கிறார்கள். 14 பந்தயங்களுக்குப் பின் ஓட்டுநர் புள்ளிப் பட்டியலில் வெர்ஸ்டாப்பன் 277, நோரிஸ் 199. அந்த இடைவெளியை நோரிஸ் எட்டிப் பிடிப்பது கடினம் என்றுதான் எனக்குப் படுகிறது. அணிப் பட்டியல் வேறு கதை: ரெட் புல் 408, மெக்லாரன் 366. அது கட்டாயம் மாறும் என்று பந்தயம் கட்டுவேன். (ஒரு தே தாரிக், அதாவது ஆற்றிய தேநீர், அளவுக்குத்தான்.)

அந்த நான்கு பந்தயங்களில் நான் சொல்லாமல் விட்டது ஹங்கேரி, ஜூலை 21. நம் விவாதத்துக்கு அதைவிட நல்ல சான்று கிடையாது. மெக்லாரனின் பியாஸ்ட்ரி முதலிடம், அதே அணியின் நோரிஸ் இரண்டாமிடம். பின்னால் இருந்த ஹாமில்டன் முன்னதாகவே நின்றுவிட்டதால், அவரிடம் நோரிஸ் இடம் இழந்துவிடக் கூடாது என்று அணி நோரிஸை 45ஆம் சுற்றில் உள்ளே அழைத்தது. பியாஸ்ட்ரி 47இல் நின்றார். வெளியே வந்து பார்த்தால் நோரிஸ் முன்னால். அணியே கொடுத்த சாதகம் என்பதால் இடத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி அணி வானொலியில் நோரிஸிடம் கெஞ்சாத குறை. 68ஆம் சுற்றில்தான் நோரிஸ் விட்டுக்கொடுத்தார். பந்தயமே 70 சுற்றுதான். பியாஸ்ட்ரிக்கு முதல் வெற்றி.

மறுநாள் நான் படித்த ஒரு தமிழ்ச் செய்தியில் ‘நோரிஸ் பியாஸ்ட்ரியை முந்திச் சென்றார்’ என்று இருந்தது. அது தவறான சித்திரம். தடத்தில் முந்தியிருந்தால், நாங்கள் கொடுத்த சாதகம் என்று சொல்லித் திருப்பிக் கேட்டிருக்க முடியாதே! மலேசியாவின் செப்பாங் தடத்தில் 2013இல் நடந்ததுதான் முந்துதல். அணித் தோழர் வெபரை முந்தாதே என்று ரெட் புல் அணி சொல்லியும் கேட்காமல் ஓட்டுநர் வெட்டல் சக்கரத்தோடு சக்கரம் வைத்து முந்தி வென்றார். இரண்டையும் ஒரே வினையால் எழுதினால் படிப்பவர் எப்படிப் பிரித்தறிவார்?

என் பரிந்துரை: முந்துநிறுத்தம்.

ஊறுகாய், சுடுசோறு போல இதுவும் வினைத்தொகைதான். தமிழில் ‘முந்து’ என்பதற்குக் காலத்தால் முற்படுவது, இடத்தால் முற்படுவது என்று இரண்டு பொருளும் இருக்கிறது. முதலில் நின்று, அதனாலேயே முன்னால் போவது. செயல் முழுவதும் சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது. ‘முந்துநிறுத்தத்தால் நோரிஸ் முதலிடம் பிடித்தார்’ என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், நாக்கு இடறவில்லை.

> ‘முன்னிறுத்தம்’ என்று இன்னும் சுருக்கலாமே?

அக்கா, அது ‘முன்னிறுத்துதல்’ பக்கம் இழுத்துவிடும். தேர்தலில் வேட்பாளரை முன்னிறுத்துவது போல ஆகிவிடும்.

> ‘பிட்’ என்பதையும் சேர்த்து ‘முந்துபிட்’ எனலாமா?

தம்பி, ‘பிட்’ என்றால் காப்பியடிக்கும் துண்டுச்சீட்டு, தமிழ்நாட்டில் தேர்வு எழுதிய யாரும் இதைச் சிரிக்காமல் படிக்க மாட்டார்கள். வேற்றுமை உருபு சேர்த்தால் ‘பிட்டுக்கு’ என்று வரும், சிவபெருமான் மண் சுமந்த கதைக்குப் போய்விடுவோம். ‘நிறுத்தம்’ போதும்.

ஒரு சிக்கல் இருக்கிறது. இதற்கு எதிரான ‘ஓவர்கட்’டை என்ன செய்வது? முன்னவர் நின்ற பிறகும் நிற்காமல் ஓடி, எதிரில் வண்டி இல்லாத தடத்தில் வேகம் எடுத்து, தாமதமாக நின்று இடம் பிடிப்பது. புது டயர் சூடேற நேரம் எடுக்கும் இடங்களில் பலிக்கும், மொனாக்கோ போல. ‘பிந்துநிறுத்தம்’ என்று ஜோடி சேர்க்க ஆசை வரும். ஆனால் பிந்துவது பின்தங்குவதையும் குறிக்கும், இங்கே நடப்பது அதற்கு நேர்மாறு. ‘நீட்டோட்டம்’ என்று வைத்தால், இடம் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் நீண்ட நேரம் ஒரே டயரில் ஓடுகிற எல்லோருக்கும் அது பொருந்திவிடும். ஆங்கிலத்தில் ஜோடியாக இருக்கிறது என்பதற்காகத் தமிழிலும் ஜோடி தேட வேண்டியதில்லை. இப்போதைக்கு ‘ஓவர்கட்’ அப்படியே இருக்கட்டும்.

ஆகஸ்ட் 25 ஞாயிறு, மலேசிய நேரம் இரவு 9 மணிக்கு நெதர்லாந்துப் பந்தயம். அதற்கு முன் மறுப்பு இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் சொற்பட்டியல் பார்க்கும் ஐயா இதைச் சேர்த்துவிடலாம், ‘கீழ்வெட்டு’ வரியை எடுத்துவிட்டு.