ஓசுவுக்கு (இசைத் தாளத்தோடு வட்டங்களை அடிக்கும் கணினி விளையாட்டு) சொந்தமாகச் சர்வர் நடத்தியவர்களே, இன்னும் மனதை உறுத்தும் ஒரு அனுபவம் சொல்லுங்கள்

கர்சர்வால்:
நானே ஆரம்பிக்கிறேன். பாஞ்சோ.பை என்ற சர்வர் மென்பொருளைப் போட்டு நடத்திய சின்ன சர்வர், நாற்பது பேர் இருந்தோம். புதிதாக வந்தவர் முதல் வாரமே ஒரு டபுள் டைம் (பாட்டை 1.5 மடங்கு வேகத்தில் ஆடுவது) ஸ்கோரில் முதலிடம். ரீப்ளேயை, அதாவது ஆட்டத்தின் பதிவைப் படிக்க நான் எழுதி வைத்திருந்த ஸ்கிரிப்ட், யுஆர் 47 என்றது. அடிக்கும் நேரம் எவ்வளவு சிதறுகிறது என்ற அளவு அது; இவ்வளவு குறைந்தால் ஆளுக்குப் பதில் நிரல் ஆடுகிறதோ என்று சந்தேகம் வரும். அவ்வளவுதான், தடை போட்டுவிட்டேன்.

மறுநாள் வீடியோ ஒன்று அனுப்பினார். முகம் இல்லை. கீபோர்டில் இரண்டு விரல், டேப்லெட் மேல் பேனா பிடித்த கை, பின்னால் திரையில் அதே பாட்டின் மேப். ஆடி முடித்ததும் இரண்டு உள்ளங்கையையும் கேமரா முன் விரித்துக் காட்டினார். ஒரு வார்த்தை பேசவில்லை.

அப்புறம்தான் ஸ்கிரிப்டைத் திறந்து பார்த்தேன். டபுள் டைமுக்காக 1.5ஆல் வகுக்கும் வரி இரண்டு இடத்தில் இருந்தது. கேம் காட்டுவது 105, ஒரு முறை வகுத்தால் உண்மையில் 70. இரண்டு முறை வகுத்து எனக்குக் காட்டியது 47. தடையை நீக்கி மன்னிப்பும் கேட்டேன். அவர் அதன் பிறகு லாகின் செய்யவே இல்லை.

மூன்றாவது மிஸ்:
எனக்கு ஆளால் வந்த வினை இல்லை, சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழால். டோர்னமென்ட் அன்று யாராலும் உள்ளே வர முடியவில்லை. 90 நாள் சான்றிதழ், அதைத் தானாகப் புதுப்பிக்கும் சர்ட்பாட் ஒழுங்காகப் புதுப்பித்திருக்கிறது, கோப்பின் தேதியும் புதிது. வெப் சர்வரான என்ஜின்எக்ஸை ரீலோட் செய்யாததால் அது பழையதையே பிடித்துக்கொண்டு நின்றது. ஒரே ஒரு கட்டளை! கண்டுபிடிக்க முக்கால் மணி நேரம். அதற்குள் பாதிப் பேர் தூங்கப் போய்விட்டார்கள்.

பழைய கீபோர்டு:
கர்சர்வால், கோபித்துக்கொள்ளாதீர்கள், ஸ்கிரிப்ட் சரியாகவே இருந்திருந்தாலும் நீங்கள் செய்தது தப்புதான். யுஆர் என்பது அடிக்கும் நேரப் பிழையின் திட்ட விலக்கம், பத்தால் பெருக்கியது. 47 என்றால் 4.7 மில்லிசெகண்ட். சந்தேகப்படலாம், தீர்ப்பு எழுத முடியாது. விசையை எவ்வளவு நேரம் அழுத்திப் பிடிக்கிறார் என்று பாருங்கள். மனித விரல் என்றால் அது சிதறிக் கிடக்கும், சோம்பேறித்தனமாக எழுதிய பாட் (தானாக ஆடும் நிரல்) என்றால் ஒரே அளவில் அடுக்கி வைத்தது போல இருக்கும். ஒரே ரீப்ளேயை வைத்து முடிவு செய்யாதீர்கள், அவருடைய பத்து ஸ்கோரையாவது எடுத்துப் பாருங்கள். முதலில் ஸ்கோரை மட்டும் லீடர்போர்டில் மறைத்து வையுங்கள், ஆடவிடுங்கள். இன்னொரு நிர்வாகி பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு தடை போடலாம்.

என் கதையா? தினமும் டேட்டாபேஸை பேக்கப் எடுத்தேன், ரீப்ளே கோப்புறையை எடுக்கவில்லை. டிஸ்க் போனது. ஸ்கோரெல்லாம் இருக்கிறது, ஒன்றைக்கூட ஓட்டிப் பார்க்க முடியாது.

கர்சர்வால்:
ரீப்ளேயும் பார்த்தேன் ஐயா, கால் வேகத்தில். ஒரு இடத்தில் கர்சர் கோடு போட்டது போல நேராகப் போனது, "மாட்டினான்" என்று ஸ்கிரீன்ஷாட் வேறு எடுத்து வைத்தேன். அந்த இடத்தில் மேப்பில் இருந்ததே நேரான ஸ்லைடர்தான், கர்சரை அதன் மேலேயே இழுத்துப் போக வேண்டிய கோடு.