ஆல்கைட் ரெசின் காய்ச்சும் பயிற்சி பி.டெக். ஆய்வகத்தில் இனியும் வேண்டுமா?

நிறமி
பெயின்ட் டெக்னாலஜி பி.டெக். படிப்பில் ஆறாம் செமஸ்டர் வாக்கில் எண்ணெய் ஆல்கைட் (எண்ணெயைக் கிளிசராலோடும் அமிலத்தோடும் சேர்த்துச் செய்யும் பெயின்ட் பிசின்) காய்ச்சும் பயிற்சி ஒன்று வரும். அதை எடுத்துவிட்டு, அந்த நேரத்தை எமல்ஷன் பாலிமருக்கும் (தண்ணீரில் நுண்துகளாக நிற்கும் பிசின்) நிறமியை அரைத்துப் பரப்பும் வேலைக்கும் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

முதல் சிக்கல் நேரம். ஆய்வக வகுப்பு 3 மணி நேரம்தான். எண்ணெயையும் கிளிசராலையும் 240 டிகிரிக்குக் கொண்டுபோய் மோனோகிளிசரைடு ஆக்குவதற்கே 2 மணி நேரம் போய்விடும். அதற்குப்பின் தாலிக் அன்ஹைட்ரைடு போட்டு எஸ்டராக்க (அமிலத்தை ஹைட்ராக்சிலோடு பிணைக்க) 5 முதல் 8 மணி நேரம் வேண்டும். ஆகவே நடப்பது என்னவென்றால், ஆய்வக உதவியாளர் காலையிலேயே பேட்சை ஏற்றிவைக்கிறார். மாணவர்கள் மதியம் வந்து இரண்டு ஆசிட் வேல்யூ (எஸ்டர் ஆகாமல் மிச்சம் நிற்கும் அமிலத்தின் அளவு) பார்த்து ரெக்கார்டில் எழுதிவிட்டுப் போகிறார்கள். இதில் யார் என்ன கற்றுக்கொண்டார்கள்?

இரண்டாவது, வேலைக்குப் போகிற இடம். சுவர் பெயின்ட் எமல்ஷனுக்குப் போய்விட்டது. கார் பூச்சில் எலெக்ட்ரோகோட், வீட்டு உபயோகச் சாமான்களில் பவுடர் கோட்டிங். ரெசின் பிளான்ட்டுக்குள் நேராகப் போகிறவர்கள் சிலரே. மூன்றாவது, நெருப்பு. 150 டிகிரி ரெசினில் டர்பன்டைன் ஊற்றிக் கரைக்கும் வேலையை இருபது பேர் நிற்கும் அறையில் செய்வதில் எனக்கு உடன்பாடு இல்லை.

டீன்ஸ்டார்க்
நேரம் பற்றிச் சொன்னது உண்மை. ஆனால் அது கால அட்டவணையின் குறை. அதற்காகப் பயிற்சியையே ஏன் எடுக்க வேண்டும்?

ஆல்கைட் காய்ச்சுவதில் கிடைப்பது வேறு எந்த ஆய்வகப் பயிற்சியிலும் கிடைப்பதில்லை. காகிதத்தில் போட்ட கணக்கும் குடுவைக்குள் நடப்பதும் ஒத்துப்போகிறதா என்று ஒவ்வொரு அரை மணிக்கும் சரிபார்க்கலாம். ஒரு பேட்சை எடுத்துக்கொள்வோம்: சோயா எண்ணெய் 600 கிராம், கிளிசரால் 115 கிராம், தாலிக் 250 கிராம். எண்ணெயில் கொழுப்பமிலம் 2.05 ஈக்விவலன்ட் (வினைபுரியும் கைகளின் எண்ணிக்கை, மோல் கணக்கில்). தாலிக் 1.69 மோல், அதாவது 3.38 ஈக்விவலன்ட். தாலிக்குக்கு எதிரே கிளிசராலின் ஹைட்ராக்சில் 11 சதவீதம் கூடுதல். எண்ணெயைக் கொழுப்பமிலமும் கிளிசராலுமாகப் பிரித்து எண்ணினால் மொத்த மோல் 5.67, மொத்த அமில ஈக்விவலன்ட் 5.43. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 1.045. கரோதர்ஸ் கணக்குப்படி இந்த எண் ஒன்றுக்குமேல் இருந்தால் ஜெல் ஆகாது, அதாவது குடுவைக்குள்ளேயே இறுகிப்போகாது. எண்ணெய் நீளம், அதாவது ரெசின் எடையில் எண்ணெயின் பங்கு, சுமார் 64 சதவீதம், லாங் ஆயில் ஆல்கைட்.

இப்போது குடுவை. தாலிக்கின் வளையம் திறந்து பாதி எஸ்டர் ஆனதும் ஆசிட் வேல்யூ 98 அளவில் இருக்க வேண்டும். அதை 10-க்கு இறக்கும்போது வெளியேற வேண்டிய தண்ணீர் 27.4 மில்லி. அந்தத் தண்ணீரைப் பிடித்து அளக்கும் டீன்-ஸ்டார்க் பொறியில் 24 மில்லிதான் நிற்கிறது, ஆனால் ஆசிட் வேல்யூ 10-க்கு வந்துவிட்டது என்றால்? குறையும் 3.4 மில்லி, 0.19 மோல் தாலிக்குக்குச் சமம். அந்த 28 கிராமும் எஸ்டர் ஆகவே இல்லை. பதங்கமாகி மேலே போய்விட்டது. கண்டென்சரின் கழுத்தைப் பார்த்தால் வெள்ளை வெள்ளையாக ஊசிகள் படிந்திருக்கும். ஆசிட் வேல்யூ மட்டும் பார்த்தவன் பேட்ச் முடிந்தது என்று எழுதுவான். தண்ணீரையும் அளந்தவனுக்குத்தான் கையில் இருப்பது வேறு ரெசின் என்று தெரியும். இதை எந்த சிமுலேஷன் கற்றுத்தரும்?

நிறமி
கணக்கு அழகாக இருக்கிறது சார். ஆனால் ஒரு லிட்டர் குடுவையில் அதை அவ்வளவு நம்பக் கூடாது. கண்டென்சர் சுவரிலும் பொறியின் கைகளிலும் ஒன்றிரண்டு மில்லி தண்ணீர் ஒட்டி நிற்கும். கிளிசராலில் 2 சதவீதம் ஈரம் இருந்தால் அதிலேயே 2.3 மில்லி. முதல் கட்டத்தில் நைட்ரஜன் ஓட்டத்தோடு அது முழுக்கப் போய்விட்டதா என்பது யாருக்கும் தெரியாது. கிளிசரால் தனக்குத்தானே ஈதர் ஆனாலும் தண்ணீர் வரும். நீங்கள் பிடிக்க நினைக்கும் 3.4 மில்லியும் பிழையின் அளவும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன.

எமல்ஷனில் இந்தக் குழப்பம் கிடையாது. மீத்தைல் மெத்தாக்ரிலேட், பியூட்டைல் அக்ரிலேட் எடையில் சரிபாதி. பாலிமர் இளகத் தொடங்கும் வெப்பநிலையைத் தரும் ஃபாக்ஸ் சமன்பாட்டில் இரண்டுக்கும் 378, 219 கெல்வின் போட்டால் 277 கெல்வின், அதாவது 4 டிகிரி வரும். படலம் அறை வெப்பத்தில் கூடுகிறதா என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். 80 டிகிரியில் 5 சதவீத மோனோமரை விதையாகப் போட்டு, அம்மோனியம் பெர்சல்பேட் சேர்த்து, மீதி முன்-எமல்ஷனை 3 மணி நேரம் சொட்டவிட வேண்டும். ஊட்டும் வேகம் கூடினால் மோனோமர் தேங்கி வெப்பம் சட்டென்று ஏறும். சர்ஃபாக்டன்ட் (துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் காக்கும் பொருள்) குறைந்தால் ஸ்டிரர் பிளேடில் கட்டி கட்டியாகக் கிரிட் சேரும். 100 மெஷ் வலையில் வடிகட்டி, கழுவி, உலர்த்தி எடை போட்டால் அந்தக் குழு எவ்வளவு கவனமாக வேலை செய்தது என்பதற்கு ஓர் எண் கிடைத்துவிடும்.

டீன்ஸ்டார்க்
3 மணி நேரம் ஊட்டல், அதற்குமேல் ஒரு மணி நேரம் அதே வெப்பத்தில் வைத்திருத்தல், பிறகு 65 டிகிரிக்கு இறக்கி மிச்ச மோனோமரைத் தீர்ப்பது, அம்மோனியா ஊற்றி பி.எச். 8-க்கு மேல் ஏற்றுவது. உங்கள் எமல்ஷனும் 3 மணி நேர வகுப்பில் அடங்கவில்லையே! நெருப்பு என்றும் சொன்னீர்கள். மீத்தைல் மெத்தாக்ரிலேட்டின் ஃபிளாஷ் பாயின்ட் 10 டிகிரிதான். அறை வெப்பத்திலேயே தீப்பிடிக்கும் ஆவி அதற்கு உண்டு. இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பேசுவோம்.

கெட்டில்_ஓரம்
ரெண்டு பேரும் கணக்குலயே நிக்கறீங்க. பேட்ச் கெட்டுப்போறது பெரும்பாலும் கணக்குல இல்லை, சின்னச் சின்ன வேலைல.

எண்ணெய் ஆல்கலி ரிஃபைன் பண்ணினதா இருக்கணும். பழைய எண்ணெய்னா அதுல இருக்கிற அமிலம் லித்தியம் ஹைட்ராக்சைடைச் சோப்பாக்கிடும். 600 கிராம் எண்ணெய்க்கு நீங்க போடறது 0.3 கிராம்தான், அதுவும் போயிட்டா மோனோகிளிசரைடு நகரவே நகராது. மோனோகிளிசரைடு ஆயிடுச்சான்னு பாக்க, ஒரு பங்கு சாம்பிளுக்கு மூணு பங்கு உலர்ந்த மெத்தனால், 25 டிகிரில கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கணும். லேசா மங்கல் இருந்தாலும் தாலிக் போடக்கூடாது. போட்டா, மிச்சம் நிக்கிற கிளிசராலும் தாலிக்கும் தனியா சேர்ந்து எண்ணெயில் கரையாத கிளிப்டல் ஆயிடும். அந்தக் கூட்டு கரோதர்ஸ் கணக்குலயே 83 சதவீதத்துல ஜெல். ரெசின் முழுக்கப் பால் மாதிரி மங்கலா வந்து நிக்கும், எந்த ஃபில்டர்லயும் தெளியாது.

அடுத்தது சைலீன், தண்ணியை ஆவியா இழுத்துட்டு வர்ற கரைப்பான். டீன்-ஸ்டார்க் பொறியை முதல்லயே சைலீன் ஊத்தி நிரப்பலைன்னா, பேட்சுக்குப் போட்ட 40 கிராமும் பொறியில போய் உக்காந்துக்கும். குடுவைல சைலீன் இல்லாம வெப்பம் விறுவிறுன்னு ஏறும், தாலிக் ஊசியைக் கழுவி இறக்க ஆளே இருக்காது. டீன்ஸ்டார்க் சார் சொன்ன 28 கிராம் இப்படித்தான் போகும். அதுக்குன்னு சைலீனைக் கூட்டிப் போட்டா வெப்பம் 200-ஐ தாண்டாது, பேட்ச் ராத்திரி வரை ஓடும். மொத்தத்துல 3-லேருந்து 5 சதவீதம், அவ்வளவுதான்.

ஒரு விஷயத்துல நிறமி சார் பக்கம் நிக்கறேன். டர்பன்டைன்ல கரைக்கிற வேலையை மாணவர் கையில விடாதீங்க. 150-க்குக் கீழ இறக்கி, ஹீட்டிங் மேன்டிலை அணைச்சுக் கீழேருந்து எடுத்துட்டு, கண்டென்சர் ஓடிட்டிருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமா ஊத்தணும்.

ஆறாம்_செம்
ஒரு சந்தேகம் சார். கிளிசராலுக்குப் பதில் பென்டாஎரித்ரிட்டால் போட்டா சீக்கிரம் காயும்னு சொல்றாங்க. அதே ஹைட்ராக்சில் ஈக்விவலன்ட் வர்ற மாதிரி எடையை மாத்தினா போதுமா?

டீன்ஸ்டார்க்
தம்பி, சரியான இடத்தில் கேட்டாய். 115 கிராம் கிளிசரால் 3.75 ஈக்விவலன்ட். அதற்குச் சமமான பென்டா 127.5 கிராம். ஈக்விவலன்ட் கணக்கில் எல்லாம் ஒத்துப்போகும். ஆனால் ஒரு பென்டாவில் நான்கு கை இருப்பதால் மோல் எண்ணிக்கை 1.25-லிருந்து 0.94 ஆகக் குறைகிறது. மொத்த மோல் 5.36, வகுத்தால் 0.987. ஒன்றுக்குக் கீழே போய்விட்டது பார். கரோதர்ஸ் ஆசிட் வேல்யூ 4 பக்கத்தில் ஜெல் என்று சொல்வார். நிஜத்தில் ஜெல் அவர் சொல்வதற்கு முன்னாலேயே வரும். ஆகவே 10-ஐ எட்டுமுன்பே விஸ்காசிட்டி செங்குத்தாக ஏறலாம்.

அது வரும் விதத்தையும் தெரிந்துகொள். அரை மணிக்கு ஒருமுறை எடுக்கும் சாம்பிளை ஒரே திடப்பொருள் சதவீதத்துக்குக் கரைத்து, கார்ட்னர் குழாயில் குமிழி ஏறும் நேரத்தைப் பார். விஸ்காசிட்டியின் லாகரிதத்தை ஆசிட் வேல்யூவுக்கு எதிரே வரைந்தால் ஆரம்பத்தில் நேர்கோடு போலப் போகும். கோடு மேல்நோக்கி வளையத் தொடங்கினால் எச்சரிக்கை. ரெசின் ஸ்டிரர் தண்டைப் பிடித்து மேலே ஏறினால் மேன்டிலை அணைத்துவிட்டு உடனே குளிரவைக்க வேண்டியதுதான். பென்டா போட வேண்டுமென்றால் எண்ணெய் நீளத்தைக் கூட்டு, அல்லது ஹைட்ராக்சிலை நிறையக் கூடுதலாக வை.

நிறமி சார், ஒரு மூலப்பொருளை மாற்றினால் என்ன ஆகும் என்று இந்த மாணவருக்கு இப்போது எண்ணோடு தெரிகிறது. இதற்காகத்தான் இவ்வளவும் கேட்கிறேன்.

பூச்சு_ஆய்வு
ஆராய்ச்சிப் பக்கத்திலிருந்து ஒன்று. எம்.டெக்., பி.எச்டி. ஆய்வேடுகளில் அடிக்கடி பார்ப்பது: கடையில் வாங்கிய ஆல்கைடில் ஏதோ ஒரு நானோ துகளைக் கலந்து, 5 சதவீத உப்புக் கரைசலில் 35 டிகிரியில் சால்ட் ஸ்ப்ரே (உப்புத் தூறலில் வைக்கும் துருச் சோதனை) 500 மணி நேரம் தாங்கியது என்று எழுதுவார்கள். ரெசினின் ஆசிட் வேல்யூ எவ்வளவு, எண்ணெய் நீளம் எவ்வளவு என்று கேட்டால் பதில் வராது. படலத்தின் தடிமன்கூட இருக்காது. 40 மைக்ரானா 80 மைக்ரானா என்று தெரியாமல் மணி நேரத்தை மட்டும் வைத்து என்ன செய்வது?

இம்பீடன்ஸ் (பூச்சின் மின்தடை) எடுத்தாலும் அதே கதைதான். நல்ல பூச்சுக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 10-ன் 8-ஆம் அடுக்கு ஓமுக்கு மேல், 6-ஆம் அடுக்குக்குக் கீழே போனால் மோசம் என்ற அளவுகோல் 1948-இல் பேக்கன், ஸ்மித், ரக் மூவரும் நேர்மின்னோட்டத் தடையை (டி.சி.) அளந்து சொன்னது. எண் கீழே விழுந்ததைக் காட்டுகிறார்கள், ஏன் விழுந்தது என்று சொல்ல முடியவில்லை. ஜி.ஐ. தகட்டில் (துத்தநாகம் பூசிய இரும்பு) அடித்த ஆல்கைட் பிரைமர் சில மாதத்தில் பாளம் பாளமாக உரிந்து வரும். துத்தநாகப் பரப்பின் காரத்தன்மையில் எஸ்டர் பிணைப்பு அறுந்து துத்தநாகச் சோப்பு ஆகிவிடுவதே காரணம். எஸ்டரைத் தன் கையால் கட்டிப் பார்த்தவருக்கு அது அறுந்துபோகும் வழியும் சீக்கிரம் பிடிபடும். அதனால் என் வாக்கு பயிற்சி இருக்கட்டும் என்பதற்கு.

நிறமி
உரிந்த ஜி.ஐ. தகட்டைக் கொடுத்து, ஏன் உரிந்தது என்று கண்டுபிடிக்கச் சொன்னாலே அந்தப் பாடம் வந்துவிடும் சார், அதற்கு ரெசின் காய்ச்சத் தேவையில்லை. அமெரிக்காவின் நார்த் டகோட்டாவில் 1905 வாக்கில் எட்வின் லாட் பெயின்ட் வேதியியலைத் தொடங்கியதே, டப்பாவுக்குள் என்ன கலப்படம் இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கத்தான். பகுப்பாய்வுதான் இந்தப் படிப்பின் வேர்.

நிறமியின் பங்கையும் மறக்கக் கூடாது. பி.வி.சி. என்பது உலர்ந்த படலத்தின் கன அளவில் நிறமியின் பங்கு; துகள்களின் இடைவெளியை நிரப்பப் பிசின் சரியாகப் போதும் புள்ளி கிரிட்டிகல் பி.வி.சி. கால்சைட்டின் எண்ணெய் உறிஞ்சல் (100 கிராமுக்கு எத்தனை கிராம் எண்ணெய்) 18, அடர்த்தி 2.71 என்றால் கிரிட்டிகல் பி.வி.சி. 66 சதவீதம். டைட்டானியம் டை ஆக்சைடு 20, 4.1 என்றால் 53. லேடெக்சில் இரண்டும் இன்னும் இறங்கும். பி.வி.சி.யை 5, 5 ஆகக் கூட்டி எட்டு பெயின்ட் செய்து தேய்ப்புச் சோதனையும் மறைப்புத் திறனும் பார்த்தால், அந்தப் புள்ளியைத் தாண்டியதும் தேய்ப்பு எப்படிச் சரிகிறது என்று மாணவர் வரைபடமே போட்டுவிடலாம். 3 மணி நேர வகுப்புகள் இரண்டில் முடியும். எட்டு குழுவுக்கு எட்டு முடிவு. ஆல்கைடில் ஒரு நாள் முழுக்க நின்றாலும் கிடைப்பது ஒரே புள்ளி.

டீன்ஸ்டார்க்
பி.வி.சி. ஏணி கட்டாயம் வேண்டும், அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆல்கைடுக்கு நான் கேட்பது செமஸ்டரில் ஒரே ஒரு முழுநாள், காலை 8 முதல் மாலை 5 வரை. நேரத்தைச் சுருக்க எண்ணெயை விட்டுவிட்டுக் கொழுப்பமில முறைக்குப் போகலாம். சோயா கொழுப்பமிலம் 574 கிராம், கிளிசரால் 178, தாலிக் 250, எல்லாவற்றையும் ஒன்றாகவே ஏற்றிவிடலாம். மோனோகிளிசரைடு கட்டமே கிடையாது. மெத்தனால் சோதனை, லித்தியம் ஹைட்ராக்சைடு தொல்லை எதுவும் இல்லை. கிடைப்பது அதே எண்ணெய் நீளமுள்ள ரெசின்.

உங்கள் தண்ணீர் ஆட்சேபத்துக்கும் இதில் பதில் இருக்கிறது. கொழுப்பமிலமும் எஸ்டர் ஆவதால் மொத்தத் தண்ணீர் 30 மில்லியிலிருந்து 67 ஆகிறது. சுவரில் ஒட்டும் இரண்டு மில்லி அதில் 3 சதவீதம்தான்.

நிறமி
67 மில்லி என்றால் என் பிழைக் கணக்கு பாதிக்குமேல் அடிபட்டுப்போகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஒரு முழுநாளுக்குச் சரி. ஆனால் மூன்று நிபந்தனை. டர்பன்டைன் கரைப்பு செய்முறை விளக்கமாக மட்டும் நடக்கட்டும். ஒரு குடுவைக்கு நான்கு பேருக்குமேல் வேண்டாம். மதிப்பெண் கடைசி ஆசிட் வேல்யூவுக்கு இல்லாமல், தண்ணீரும் ஆசிட் வேல்யூவும் ஏன் ஒத்துப்போகவில்லை என்ற விளக்கத்துக்குக் கொடுக்கப்பட வேண்டும். தாலிக் போய்விட்டது என்று எழுதினால் அதற்கு ஆதாரமும் காட்டட்டும்.

கெட்டில்_ஓரம்
ஆதாரம் ஈசி சார். தொடங்கும்போது காலிக் கண்டென்சரை எடை போட்டு வெச்சுக்கச் சொல்லுங்க. முடிஞ்சதும் கழற்றி, சைலீன் ஆவி போக உலரவிட்டு, சூடுபடுத்தாம மறுபடி எடை. கூடி நிக்கிறது பெரும்பாலும் தாலிக். அப்புறம் கழுவிடணும், இல்லைன்னா அடுத்த குழு அதையும் சேர்த்து எடை போட்டுடும்.