450 டிகிரி வைத்தும் இரும்பு-பிளாட்டினப் படலத்தில் காந்தம் நிற்கவில்லை, உதவுங்கள்

படலம்27:
மெக்னீசியம் ஆக்சைடு ஒற்றைப்படிகத்தின் (001) முகத்தில் 10 நானோமீட்டர் இரும்பு-பிளாட்டினம் ஸ்பட்டர் செய்கிறேன் (அயனி மோதி உதிரும் அணுக்களைப் படியவிடும் முறை). ஹேமர் (HAMR, லேசரால் சூடாக்கிப் பதிவு செய்யும்) வகை ஹார்ட் டிஸ்க்குக்கான ஆய்வு. 450 டிகிரி செல்சியஸில் செய்ததற்கு எக்ஸ்ஆர்டியில் (படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்-கதிர் சோதனை) 2தீட்டா கோணம் 47.6-இல் ஒரு பீக் மட்டும். 24 பக்கம் வெறுமை. கோயர்சிவிட்டி (காந்தத்தைத் திருப்பத் தேவையான எதிர்ப்புலம்) பெயருக்குக்கூட இல்லை. சூடு பத்தவில்லையோ என்று 650-க்கு ஏற்றினேன். 24-இல் பீக் வந்துவிட்டது, ஆனால் விஎஸ்எம் (காந்தமாக்கத்தை அளக்கும் கருவி) லூப் வெறும் சாய்ந்த கோடு. கெடுத்துவிட்டேனா?

வெற்றிடவாசி:
450 என்று காட்டுவது எந்த இடத்துச் சூடு? தெர்மோகப்பிள் எங்கே இருக்கிறது?

படலம்27:
ஹீட்டர் தட்டோடு ஒட்டி. சப்ஸ்ட்ரேட்டை, அதாவது அடியில் உள்ள படிகத்தை, கிளிப்பில் பிடித்திருக்கிறேன்.

வெற்றிடவாசி:
அதுதான் விஷயம். வெற்றிடத்தில் கிளிப்பில் தொங்கும் படிகத்துக்குச் சூடு பெரும்பாலும் கதிர்வீச்சாகத்தான் வரும். ஹீட்டர் விடும் அகச்சிவப்பில் பெரும்பகுதியை மெக்னீசியம் ஆக்சைடு அப்படியே கடத்திவிடும். ஆக, படலம் உங்கள் 450-ஐப் பார்த்திருக்கவே வாய்ப்பில்லை. பின்பக்கம் டான்டலம் பூசுங்கள், வெள்ளிப் பசையால் தட்டில் ஒட்டுங்கள், அரை மணி நேரம் ஊறவிட்டுப் பிறகு ஷட்டரைத் திறங்கள்.

அந்த 47.6-உம் இதையே சொல்கிறது. இரும்பும் பிளாட்டினமும் கலைந்து கிடக்கும்போது (002) பீக் அங்கேதான் வரும். அடுக்கு மாற்றி அடுக்காக ஒழுங்கானதும் c அச்சு 3.71 ஆங்ஸ்ட்ராமுக்குச் சுருங்கும், பீக் 49-க்கு நகரும், 24-இல் (001) எழும். சில நானோமீட்டர் துகளிலும் பதிவு அழியாமல் நிற்கக் காரணமான காந்தத் திசைப்பற்று (காந்தம் ஒரே அச்சில் நிற்க விரும்பும் வலு), கன மீட்டருக்கு சுமார் 70 லட்சம் ஜூல், அந்த ஒழுங்கில்தான் இருக்கிறது. குளிராகப் படியவிட்டுப் பிறகு வாட்டினால் ஆகாதா என்று கேட்பார்கள். ஆகும், ஆனால் கூடுதல் சூடு கேட்கும். படியும்போது அணு மேற்பரப்பில் சுலபமாக நகரும். புதைந்த பிறகு அந்தச் சுலபம் இல்லை.

துகள்மணி:
ஹார்ட் டிஸ்க்கில் பயன்பட்ட கோபால்ட்-குரோமியம்-பிளாட்டினத்துக்கு 200, 250 டிகிரி போதுமே?

வெற்றிடவாசி:
அங்கே சூட்டின் வேலை குரோமியத்தைத் துகள் எல்லைக்குத் தள்ளுவது. இது வேறு கதை.

காந்தக்கிறுக்கன்:
650 படலத்தை விஎஸ்எம்மில் எத்தனை டெஸ்லா காந்தப்புலம் வரை ஓட்டினீர்கள்?

படலம்27:
1.8. எங்கள் மின்காந்தம் அவ்வளவுதான் போகும்.

காந்தக்கிறுக்கன்:
அப்படியானால் கெடுக்கவில்லை. அதிகச் சூட்டில் இந்த உலோகம் ஆக்சைடின் மேல் பரவாமல் திரண்டு தனித்தனித் தீவாகிவிடும். தீவு ஒவ்வொன்றும் தனியாகத் திரும்ப வேண்டும். இப்படிப்பட்ட படலத்தில் 2004-இல் 10 டெஸ்லாவைத் தாண்டிய கோயர்சிவிட்டியே அறிவித்திருக்கிறார்கள். 1.8-க்கு அது அசையாது. நீங்கள் பார்த்தது மைனர் லூப், அதாவது படலம் முழுதாகத் திரும்பாத அரைகுறை லூப். அந்தச் சாய்வில் சப்ஸ்ட்ரேட்டின் டயாகாந்தமும் (புலத்துக்கு எதிரான மெல்லிய காந்தம்) சேர்ந்திருக்கும், கழித்துவிடுங்கள்.

படலம்27:
பூசி ஒட்டிப் பார்த்தேன். அதே 450-இல் (002) 48.6-க்கு நகர்ந்து, 24-இல் சின்ன மேடு தெரிகிறது. 520-இல் தெளிவான பீக்! 7 டெஸ்லா கருவிக்கு நேரம் கேட்டிருக்கிறேன். தீவாகாமல் தடுக்கக் கார்பன் சேர்க்கலாமா?

காந்தக்கிறுக்கன்:
கார்பன் துகளைப் பிரிக்கத்தான் உதவும், தொடர்ச்சியான படலம் தராது. பதிவுக்கு என்றால் உங்களுக்கு வேண்டியதும் அந்தப் பிரிவுதான். முதலில் 520 படலம் தீவாகிவிட்டதா என்று ஏஎஃப்எம்மில் (மேற்பரப்பைத் தடவிப் படமெடுக்கும் நுண்ணோக்கி) பாருங்கள்.