ரோடு, டிராக் இரண்டுக்கும் ஒரே கார்: கேம்பர், டோ எவ்வளவு வைக்கலாம்?

கேள்வி (ஹேட்ச்_ஓட்டி):
முன்சக்கர டிரைவ் ஹேட்ச்பேக். முன் சஸ்பென்ஷன் மெக்பெர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் டேம்பரும் ஒரே தூணாக), பின்னால் டார்ஷன் பீம் (இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும் ஒரே பீம்). பெரும்பாலும் ரோட்டில்தான் ஓடும், அவ்வப்போது டிராக் டே (ரேஸ் டிராக்கில் சொந்த காரை ஓட்டும் நாள்). டிராக்கில் முன் டயரின் வெளியோரம் மட்டும் உருண்டு கரைகிறது, உள்ளோரம் புதுசாகவே இருக்கிறது. அலைன்மென்ட் ரிப்போர்ட்: கேம்பர் (சக்கரம் செங்குத்திலிருந்து சாயும் கோணம், மேல்பக்கம் உள்ளே சாய்ந்தால் நெகட்டிவ்) இடது −0.6, வலது −0.4, மொத்த டோ-இன் (மேலிருந்து பார்த்தால் சக்கரங்களின் முன்பக்கம் உள்ளே திரும்பியிருப்பது, வெளியே என்றால் டோ-அவுட்) 0.20 டிகிரி. கேம்பர் −3 வைத்தால் ரோட்டில் டயர் சீக்கிரம் போய்விடுமா? அதை மாற்ற கேம்பர் போல்ட் போதுமா, ஸ்ட்ரட்டின் தலையை நகர்த்தும் கேம்பர் பிளேட் வேண்டுமா?

டோ_ஜீரோ:
−3 வேண்டாம். ரோட்டில் நேராகப் போகும்போது டயர் உள்ளோரத்தில்தான் நிற்கும், பிரேக் பிடியும் குறையும். இரண்டு பக்கமும் −1.8 முதல் −2.0, டோ பூஜ்ஜியம். இதில் ஆரம்பியுங்கள்.

ஸ்ட்ரட் வண்டி வளைவில் சாயும்போது வெளிப்பக்கச் சக்கரமும் பாடியோடு சேர்ந்து வெளியே சாய்கிறது. சஸ்பென்ஷன் அமுங்குவதால் கிடைக்கும் நெகட்டிவ் கேம்பர் அதை ஈடுகட்டப் போதாது. −0.5-இல் ஆரம்பித்தால் வளைவின் நடுவே பாசிட்டிவ் பக்கம் போய்விடும். உங்கள் வெளியோரம் கரைவது இதனால்தான்.

டயரைத் தின்பது பெரும்பாலும் டோ, பழி கேம்பர் மேல். ஒரு சக்கரத்தில் 0.1 டிகிரி டோ இருந்தாலே கிலோமீட்டருக்குச் சுமார் 1.75 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிற கணக்கு. நெகட்டிவ் கேம்பரில் பாரம் உள்ளோரத்தில் இருக்கும். அதோடு டோ-அவுட்டும் சேர்ந்தால் தேய்ப்பு முழுக்க அங்கேயே விழும். வெளியே நல்ல டிரெட், உள்ளே கம்பி தெரியும்.

பின்னால் டார்ஷன் பீமில் ஷிம் (மெல்லிய இடைத்தகடு) போடாமல் எதையும் மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டாம். டோ-அவுட் மட்டும் இல்லை என்று ரிப்போர்ட்டில் பாருங்கள். இருந்தால் வளைவில் ஆக்சிலரேட்டரை விட்டதும் பின்பக்கம் சுற்றிக்கொண்டு வரும்.

ஸ்ட்ரட்_பித்தன்:
போல்ட்டா பிளேட்டா என்பதற்கு: ஸ்ட்ரட்டையும் நக்கிளையும் (சக்கரத்தைத் தாங்கும் பாகம்) இணைக்கும் இரண்டு போல்ட்டில் ஒன்றை எடுத்துவிட்டு எக்சென்ட்ரிக் (மையம் விலகிய) கேம்பர் போல்ட் போட்டால் 1 முதல் 1.5 டிகிரி கிடைக்கும். உங்களுக்கு அது கிட்டத்தட்ட போதும். ஆனால் டயரின் மேல்பகுதி ஸ்ட்ரட்டை நெருங்கும். குறைந்தது 5 மிமீ இடைவெளி இருக்கிறதா என்று விரல்விட்டுப் பாருங்கள். இந்தப் போல்ட் மெலிசு. சரியான டார்க் (இறுக்க அளவு) வைக்காவிட்டால் டிராக் ஓரத்துக் கெர்பில் ஒரு அடி வாங்கியதும் நழுவிவிடும். தலையில் பெயின்ட் கோடு போட்டு வைத்தால் நழுவியது உடனே தெரியும்.

பிளேட் ஸ்ட்ரட்டின் தலையையே உள்ளே தள்ளுவதால் அந்த இடைவெளி மாறாது, ரோட்டுக்கு ஒன்று டிராக்குக்கு ஒன்று என இரண்டு நிலை வைக்கலாம். பதிலுக்கு, மேலே ரப்பர் இல்லாத பேரிங் என்றால் ரோட்டில் சத்தம் கேட்கும்.

எதுவானாலும் முதலில் கேம்பர், பிறகு டோ. சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாயும்போது டை ராட் (ஸ்டியரிங் ராக்கையும் சக்கரத்தையும் இணைக்கும் தண்டு) நீளம் மாறாமல் நிற்பதால் டோ நகரும். ஸ்டியரிங் ராக் (ஸ்டியரிங்கைத் திருப்பினால் இடம்வலம் நகரும் பல்தண்டு) முன்சக்கர அச்சுக்கு முன்னால் இருந்தால் டோ-அவுட், பின்னால் இருந்தால் டோ-இன். ராக் முன்னால் உள்ளவர்களுக்கு அதிர்ஷ்டம்: ரோட்டு நிலையில் பூஜ்ஜியம் வைத்தால், டிராக் நிலைக்குத் தள்ளியதும் திருப்பத்துக்கு உதவும் கொஞ்சம் டோ-அவுட் தானாக வரும்.

ஹேட்ச்_ஓட்டி:
ராக் பின்னால்தான். பிளேட் போட்டால் டிராக்கிலேயே டோவைத் திருத்த முடியுமா?

ஸ்ட்ரட்_பித்தன்:
முடியும். அலைன்மென்ட் கடையிலேயே இரண்டு நிலையிலும் டோ எவ்வளவு என்று அளந்து குறித்து வாங்குங்கள். உங்களுக்கு டிராக் நிலையில் டோ-இன் கூடும், அதனால் டிராக்கில் லாக் நட்டைத் தளர்த்தி, இரண்டு டை ராடையும் ஒரே அளவு குறுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் திருகினால் ஸ்டியரிங் கோணலாக நிற்கும். திருகின் பிட்ச் (ஒரு சுற்றுக்கு நகரும் தூரம்) 1.5 மிமீ, ஸ்டியரிங் ஆர்ம் (டை ராட் இணையும் நக்கிளின் கை) 130 மிமீ என்றால் ஒரு முழுச்சுற்று அந்தச் சக்கரத்தில் சுமார் 0.65 டிகிரி. அதனால் அரைக்கால் சுற்றாகப் போங்கள். திரும்பும்போது பழைய இடத்துக்குக் கொண்டுவர மறக்காதீர்கள்.

பிட்லேன்_தெர்மாமீட்டர்:
கடையில் "பச்சைக்குள் கொண்டுவந்துட்டேன்" என்றால், ஸ்கிரீனில் தெரியும் அந்தப் பச்சை கம்பெனி அளவு. உங்கள் எண்களை எழுதிக் கொடுங்கள். டயர் பிரஷர் சரிபார்த்து, பாதி டேங்க் எரிபொருளோடு, டிரைவர் சீட்டில் உங்கள் எடைக்கு மூட்டை வைத்து அளக்கச் சொல்லுங்கள். இடது வலது கேம்பர் வித்தியாசம் 0.3-ஐத் தாண்டினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கலாம்.

−2 போதுமா என்று டயரே சொல்லும். பிட்டுக்கு வந்ததும், ஆறவிடும் சுற்று அடிக்காமல், ஊசி வகை பைரோமீட்டரை (டயர் சூடு அளக்கும் கருவி) ரப்பருக்குள் குத்தி உள், நடு, வெளி மூன்றையும் எடுங்கள். உள்ளோரம் வெளியோரத்தைவிட 5 முதல் 8 டிகிரி செல்சியஸ் அதிகச் சூடாக இருந்தால் சரி. வெளியோரம் சூடு என்றால் இன்னும் கால் டிகிரி கேம்பர் கூட்டுங்கள். நடு மட்டும் சூடு என்றால் காற்று அதிகம், கேம்பரைத் தொடாதீர்கள். இன்ஃப்ராரெட் கன் மேல்தோலின் சூட்டைத்தான் காட்டும். நீங்கள் இறங்கி வருவதற்குள் அது ஆறிவிடும்.