‘மாற்றார்வலி’யா, ‘போட்டிநிரல் கடுமை’யா? – கூடைப்பந்துக் கலைச்சொல் இழை

தமிழ்ப்பள்ளி ஆசிரியை, இண்டியானாபொலிஸ்:

குழுவினருக்கு வணக்கம். உயர்நிலை வகுப்புப் பிள்ளைகளுக்கு மார்ச் மாதக் கல்லூரிக் கூடைப்பந்துத் தொடரை வைத்து ஒரு பாடம் எழுதுகிறேன். வெள்ளி இரவு அச்சுக்குப் போக வேண்டும். ‘ஸ்ட்ரெங்த் ஆஃப் ஷெட்யூல்’, அணிகளை மதிப்பிடும் எண்களைக் குறிக்கும் ‘மெட்ரிக்ஸ்’ இரண்டுக்கும் மட்டும் சொல் கிடைக்காமல் நிற்கிறேன்.

அமெரிக்க ஆடவர் முதற்பிரிவில் 360-க்கும் மேற்பட்ட கல்லூரி அணிகள் ஆடுகின்றன. இறுதித் தொடரில் 68 இடங்கள். வட்டாரக் கூட்டமைப்புகளின் பட்டம் வென்றவர்கள் நேரே நுழைவார்கள். எஞ்சியவற்றைத் தேர்வுக்குழு நிரப்பும். பெரும்பாலான அணிகள் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை. ஆகவே எத்தனை ஆட்டம் வென்றாய் என்பதோடு யாரை வென்றாய் என்ற கேள்வியும் வந்துவிடுகிறது. அதை அளக்கும் எண்ணுக்குத்தான் பெயர் வேண்டும்.

எங்கள் மாநிலத்து இண்டியானா ஸ்டேட் 2024-இல் 28 வெற்றி, 6 தோல்வியோடு நின்றது. தேர்வுக்குழு பயன்படுத்தும் ‘நெட்’ (NET) என்ற கணினித் தரவரிசையில் முதல் 30-க்குள் இருந்தது. அழைப்பு வரவில்லை. என் வகுப்பில் அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. கண்ணாடி மாட்டிக்கொண்டு ஆடிய ராபி அவிலாவின் படத்தைத்தான் பாடத்தின் முகப்பில் போட வேண்டும் என்று பிள்ளைகள் பிடிவாதமாக இருக்கிறார்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருநெல்வேலி:

அம்மா, புதுச்சொல் தேட வேண்டாம். வலியறிதல் அதிகாரத்தின் முதற்குறளே இதுதான்: ‘வினைவலியும் தன்வலியும் மாற்றான் வலியும் துணைவலியும் தூக்கிச் செயல்.’ எதிர்த்து நிற்பவனின் வலிமை மாற்றான் வலி. மகளிர் அணிக்கும் பொருந்தும்படி ‘மாற்றார்வலி’ என்று பலர்பாலாக்கிக்கொள்ளுங்கள். அட்டவணை என்ற சொல்லைத் தொடவே வேண்டாம். அது மராத்தியிலிருந்து வந்தது.

‘தூக்கி’ என்பதையும் விட்டுவிடாதீர்கள். சீர்தூக்குதல் இன்றும் வழக்கில் இருக்கிறது. தொல்காப்பியர் செய்யுள் உறுப்புகளை அடுக்கும்போது ‘மரபே தூக்கே தொடைவகை எனாஅ’ என்கிறார். ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு நிறை கொடுத்துக் கூட்டுகிறார்கள் அல்லவா? அந்த நிறைக்குத் ‘தூக்கு’ என்றே பெயர் வைக்கலாம்.

புள்ளியியலாளர், நார்த் கரோலினா:

ஐயாவின் குறளை வாசித்ததும் அணிகளை வரிசைப்படுத்திய பழைய ஆர்பிஐ (RPI) சூத்திரம் எனக்கு நினைவுக்கு வந்தது. 1981 முதல் 2018 வரை தேர்வுக்குழுவின் கையில் இருந்தது அதுதான். ஓர் அணியின் சொந்த வெற்றி விகிதத்துக்கு 25 விழுக்காடு, எதிரணிகளின் வெற்றி விகிதத்துக்கு 50, அந்த எதிரணிகளின் எதிரணிகளுக்கு 25. எண்ணில் முக்கால் பங்கு அந்த அணி ஆடாத ஆட்டங்களால் ஆனது! மாற்றாரின் வலியே தன்வலியைவிட இருமடங்கு எடை பெற்றது. 2018–19 பருவத்தில் நெட் வந்த பிறகு ஆட்டத்தின் செயல்திறனும் கணக்கில் சேர்ந்தது.

ஆனாலும் ‘மாற்றார்வலி’ போதாது. தேர்வுக்குழு எதிரணியின் தரத்தை மட்டும் பார்ப்பதில்லை, ஆடிய இடத்தையும் பார்க்கிறது. ஆட்டங்களை நான்கு கூறாகப் பிரிக்கிறார்கள். நெட் வரிசையில் 70-ஆம் இடத்தில் உள்ள ஓர் அணியைச் சொந்த அரங்கில் வென்றால் அது இரண்டாம் கூற்று வெற்றி. அதே அணியை அதன் ஊருக்கே போய் வென்றால் முதல் கூறு. சொந்த அரங்கில் முதல் 30, பொது அரங்கில் முதல் 50, வெளியூரில் முதல் 75 என்பதுதான் முதல் கூற்றின் எல்லை. எதிராளி ஒருவரே, வலி ஒன்றே, இடம் மாறினால் மதிப்பு மாறுகிறது. உங்கள் சொல்லில் இடம் எங்கே இருக்கிறது?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருநெல்வேலி:

தம்பி, வலியறிதலுக்கு அடுத்து காலமறிதல், அதற்கும் அடுத்து இடனறிதல். வள்ளுவர் வைத்த முறை அது. ‘நெடும்புனலுள் வெல்லும் முதலை அடும்புனலின் நீங்கின் அதனைப் பிற.’ சொந்த அரங்கின் பலத்தை இதைவிடச் சுருக்கமாக யார் சொல்ல முடியும்? வலி, இடன் இரண்டையும் சேர்த்து ‘வலியிடன்’ என்று உம்மைத்தொகையாக்குங்கள்.

மொழிபெயர்ப்பாளர், சென்னை:

ஐயா, உங்கள் மீது மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் ‘மாற்றார்வலி’ என்று அச்சிட்டு அமெரிக்காவில் வளர்கிற பதினான்கு வயதுப் பிள்ளையின் கையில் கொடுத்தால், தலைவலி, வயிற்றுவலி வரிசையில்தான் அதைப் படிக்கும். ‘பிறருக்கு வலிக்கிறது’ என்று பொருள் கொள்ளும். சென்னைப் பிள்ளையும் அப்படித்தான் படிக்கும். ‘வலியிடன்’ இன்னும் மோசம். எந்த இடம் வலிக்கிறது என்று மருத்துவர் கேட்கிற கேள்வியாகிவிடும். வலி என்ற சொல்லின் பழம்பொருளை மீட்பது நல்ல வேலைதான். அதை ஒரு பாடத்தின் நடுவில், விளக்க ஆசிரியை பக்கத்தில் இல்லாத இடத்தில் செய்ய முடியாது.

இங்கே அளக்கப்படுவது வலிமையும் அல்ல. ஆட்டங்களின் வரிசை எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதே கேள்வி. ‘போட்டிநிரல் கடுமை’ என்பது என் முன்மொழிவு. நிரல் தமிழ்ச்சொல், எதிராளியும் இடமும் இரண்டுமே அதில் அடங்கும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருநெல்வேலி:

நிரலின் கடுமை என்று விரிவதால் ஆறாம் வேற்றுமைத் தொகை. ‘லள வேற்றுமையில் றடவும்’ என்பது நன்னூல். ‘நிரற்கடுமை’ என்றுதான் எழுத வேண்டும். அந்த நூற்பாவிலேயே ‘வலிவரின்’ என்று வருகிறதே, அங்கே வலி என்பது வல்லினம். அதைத் தலைவலி என்று எந்த மாணவரும் படித்ததில்லை.

மொழிபெயர்ப்பாளர், சென்னை:

நன்னூல் படிக்கிற மாணவர் படித்திருக்க மாட்டார் ஐயா. ‘நிரற்கடுமை’ என்று எழுதினால் அதற்குள் நிரல் இருப்பதே பிள்ளைக்குத் தெரியாது. கலைச்சொல்லில் உறுப்புகள் பிரிந்து தெரிய வேண்டும். இடம் விட்டு எழுதுகிறேன், புணர்ச்சி வேண்டாம்.

பள்ளி நூலகர், டொராண்டோ:

இரண்டாவது சொல்லுக்கு வருவோம். மெட்ரிக்குக்கு ‘அளவை’ நல்ல சொல். மணிமேகலையில் சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதை அளவைகளைப் பற்றிய வாதத்தில்தான் தொடங்குகிறது. பிறகு சைவ சாத்திரமும் காட்சி, கருதல், உரை என்று அளவைகளை வகுத்தது. இந்தத் தேர்வுச் சண்டை முழுவதும் அந்த மூன்றுக்குள் அடங்கிவிடுகிறது. ‘நான் ஆட்டத்தைக் கண்ணால் பார்த்தேன், இந்த அணிதான் சிறந்தது’ என்பவர் காட்சி அளவையை நம்புகிறார். கணினி எண்ணைக் காட்டுகிறவர் கருதலை. பழைய பயிற்றுநர் சொல்லிவிட்டார் என்று ஒப்புக்கொள்கிறவர் உரையை. அறிவு எதனால் வருகிறது என்று நம் முன்னோர் பல நூற்றாண்டு வாதிட்ட கேள்வி இது, பந்து மட்டும் புதிது.

புள்ளியியலாளர், நார்த் கரோலினா:

‘அளவை’க்கு என் முழு ஆதரவு. ஆனால் அதற்குள் இரண்டு வகை உண்டு, பாடத்தில் அவற்றைப் பிரித்துக் காட்டுங்கள். ஒன்று, இதுவரை செய்ததற்கு என்ன தகுதி என்று கேட்கிறது. தேர்வின் விளிம்பில் நிற்கும் சராசரி அணி இதே ஆட்டங்களை ஆடியிருந்தால் எத்தனை வென்றிருக்கும், இவர்கள் அதைவிட எத்தனை கூட வென்றார்கள் என்ற கணக்கு இந்த வகை. மற்றது, நாளை ஆடினால் எப்படி ஆடுவார்கள் என்று கேட்கிறது. நூறு பந்துடைமைக்கு, அதாவது பந்து நூறு முறை கைக்கு வந்தால், எத்தனை புள்ளி எடுத்தார்கள், எத்தனை கொடுத்தார்கள் என்று எதிராளியின் தரத்துக்கேற்பத் திருத்தும் புள்ளியியலாளர் கென் பாமராயின் எண் இதில் சேரும். இரண்டையும் குழப்புவதால்தான் பாதிச் சண்டை.

2014-இன் விச்சிட்டா ஸ்டேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 34 ஆட்டத்தில் 34 வெற்றியோடு தொடருக்குள் நுழைந்தது. எளிய எதிரணிகளை வென்ற கணக்கு என்று பலர் பழித்தார்கள். இரண்டாவது ஆட்டத்திலேயே கென்டக்கியிடம் 78–76 என்று தோற்றதும் ‘பார்த்தாயா’ என்றார்கள். அந்தக் கென்டக்கி எட்டாம் தரநிலையிலிருந்து இறுதி ஆட்டம் வரை போனது. இரண்டு புள்ளித் தோல்வி எதையும் நிரூபிக்கவில்லை.

பள்ளி நூலகர், டொராண்டோ:

அப்படியானால் முதல் வகைக்குப் ‘பெறுபேற்று அளவை’. யாழ்ப்பாணத்தில் பரீட்சை முடிவைப் பெறுபேறு என்றுதான் சொல்வோம். இரண்டாவது ‘கணிப்பு அளவை’.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை, இண்டியானாபொலிஸ்:

பெறுபேறு மிக அழகாகப் பொருந்துகிறது, எடுத்துக்கொண்டேன்.

ஒன்றை மட்டும் எல்லாரிடமும் கேட்கிறேன். ‘போட்டிநிரல் கடுமை’ என்றால் அந்த நிரலை அணியே வகுத்தது போல ஒலிக்கிறதே. பெரிய பல்கலைக்கழகம் பணம் கொடுத்துச் சிறிய அணியைத் தன் ஊருக்கு வரவழைக்கிறது. திரும்பச் சிறிய ஊருக்குப் போக அதற்கு மனம் இருப்பதில்லை. கூட்டமைப்பு ஆட்டங்களோ விதிக்கப்பட்டவை. டெர்ரே ஹோட்டில் உள்ள இண்டியானா ஸ்டேட் போன்ற அணி வலுவான எதிரிகளைத் தேடினாலும் யார் வருவார்கள்? 2024-இல் இரண்டாம் நிலைத் தொடரான என்ஐடியின் இறுதி ஆட்டம் இங்கே ஹிங்கிள் அரங்கில் நடந்தது. இண்டியானா ஸ்டேட் சீட்டன் ஹாலிடம் 79–77 என்று தோற்றது. அழைக்கப்படாத அணியின் தரம் அது. நிரல் எளிது என்று சொல்லி ஓர் அணியை ஒதுக்குவதும், அந்த எளிமை யாரால் வந்தது என்று கேட்காமல் இருப்பதும் சரியல்ல. இதைப் பாடத்தில் எழுதியே தீருவேன்.

புள்ளியியலாளர், நார்த் கரோலினா:

எழுதுங்கள். ஆனால் அளவையே வேண்டாம் என்று எழுதிவிடாதீர்கள். எண் இல்லாத காலத்தில் பெரிய பெயருக்குத்தான் இடம் போனது. இண்டியானா ஸ்டேட்டை முதல் 30-க்குள் வைத்தது நெட்தான், ஒதுக்கியது குழு.

மொழிபெயர்ப்பாளர், சென்னை:

வெள்ளி வந்துவிட்டது. ‘போட்டிநிரல் கடுமை’க்கு எத்தனை பேர்?

பள்ளி நூலகர், டொராண்டோ:

சரி. வேறு வழி தெரியவில்லை.

புள்ளியியலாளர், நார்த் கரோலினா:

சரி. எதிராளியை மட்டும் குறிக்க வேண்டிய இடத்தில் ‘எதிரணி வலிமை’ என்று தனியாக எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருநெல்வேலி:

என் வாக்கு ‘மாற்றார்வலி’க்கே. நிரல் கடுமை என்று இரண்டு துண்டாகக் கிடப்பதைச் சொல் என்று நான் ஒப்ப மாட்டேன். பெரும்பான்மை முடிவு செய்துவிட்டதால் அம்மையார் அச்சிடட்டும். பாடத்தின் கடைசியில் அந்தக் குறளையாவது முழுதாகப் போடுங்கள். ‘துணைவலி’க்கு ஆர்பிஐயின் மூன்றாம் பங்கைப் பொருத்தலாமா என்று அடுத்த மடலில் விரிவாக எழுதுகிறேன்.

புள்ளியியலாளர், நார்த் கரோலினா:

ஐயா, பொருந்தாது. எதிரணியின் எதிரணி நமக்குத் துணை அல்ல. அவர்களும் நம்மோடு அதே இடத்துக்குப் போட்டியிடுகிறவர்கள்.