முன்பக்கம் பிக்ஸ்பி, அடியில் இருக்கும் பெடல் யாருடையது?

நாஷ்வில்காரன்:
இங்கே ஒரு வீட்டுச் சாமான் விற்பனையில் பெடல் ஸ்டீல் கிட்டார் (கிடையாக வைத்து, உலோகத் துண்டைக் கம்பிமேல் நகர்த்தி, காலால் பெடல் மிதித்துச் சுருதி மாற்றி வாசிப்பது) ஒன்று வாங்கினேன். இரட்டை நெக் (கம்பிகள் ஓடும் தண்டு), ஒவ்வொன்றிலும் எட்டுக் கம்பி. மேப்பிள் உடல், முன்பக்கம் பெரிய எழுத்தில் பிக்ஸ்பி, ஓரத்தில் 31152 என்று குத்தியிருக்கிறது. மூன்று பெடல், முழங்காலால் தள்ளிச் சுருதி மாற்றும் லீவர் கிடையாது. முதல் பெடலை மிதித்தால் இரண்டு கம்பிகளின் சுருதி சேர்ந்தே ஏறுகிறது. பெடல்களைத் தாங்கும் சட்டம் மட்டும் மற்ற அலுமினிய வேலையோடு ஒட்டவில்லை, சொரசொரப்பாக இருக்கிறது. விற்றவர் ‘1952 பிக்ஸ்பி பெடல் ஸ்டீல்’ என்று எழுதிக் கொடுத்தார். அப்படியே சொல்லலாமா?

மேப்பிள்:
தாராளமாகச் சொல்லலாம். பால் பிக்ஸ்பி கலிஃபோர்னியாவில் டௌனி ஊரில் ஒவ்வொரு கருவியாகக் கையால் செய்தவர். தேதியைத்தான் வரிசை எண்ணாகக் குத்துவார். கன்ட்ரி இசைக் கலைஞர் மெர்ல் டிராவிஸுக்குச் செய்த கிட்டாரில் இருப்பது 52548, அதாவது 1948 மே 25. மோட்டார் சைக்கிள் பாகங்களுக்கு வார்ப்பு அச்சு செய்து பழகிய கை அது. அந்த அலுமினிய வேலையை இன்னொருவர் அப்படியே செய்வது லேசில்லை.

புதியவன்:
அப்போ 31152 என்றால் ஜனவரி 31 தானே?

மேப்பிள்:
இல்லை தம்பி, அமெரிக்காவில் மாதம்தான் முதலில் வரும். 1952 மார்ச் 11.

அடியில்பார்:
உடல் பிக்ஸ்பி என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. கேள்வி பெடலைப் பற்றி. பிக்ஸ்பி பெடல் இல்லாத ஸ்டீல்களும் செய்திருக்கிறார். 1954இல் கன்ட்ரி பாடகர் வெப் பியர்ஸின் ‘ஸ்லோலி’ பாட்டு பெரிய ஹிட் ஆனது. அதில் ஸ்டீல் வாசித்த பட் ஐசக்ஸ், கம்பி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பெடலை மிதித்தார். அதுவரை பெடல் பெரும்பாலும் ஒரு ட்யூனிங்கிலிருந்து (கம்பிகளின் சுருதி அமைப்பிலிருந்து) இன்னொன்றுக்குப் போகத்தான் பயன்பட்டது. அந்தப் பாட்டுக்கு அப்புறம் ஸ்டீல் வாசிப்பவர்கள் எல்லாரும் அந்த ஒலியைத் தேடி ஓடினார்கள், வைத்திருந்த கருவியிலேயே பெடல் பூட்டிக்கொண்டார்கள். நாஷ்வில்லில் ஷாட் ஜாக்சன் பிறர் செய்த ஸ்டீல்களுக்குப் பெடல் பூட்டிக் கொடுத்தவர். பின்னால் அவரும் ஸ்டீல் வாசிப்பவரான பட்டி எமன்ஸும் சேர்ந்து ஆரம்பித்ததுதான் ஷோ-பட் என்ற பெடல் ஸ்டீல் கம்பெனி. கருவி கிடைத்த ஊரே நாஷ்வில். 1952இல் இது பெடலோடுதான் பிறந்தது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

மேப்பிள்:
முதல் பெடலை வைத்துத்தான். இன்றைய ஈ9 ட்யூனிங்கில் ஒரு பெடல் பி சுரக் கம்பியை சி ஷார்ப்புக்கு ஏற்றும், அடுத்தது ஜி ஷார்ப்பை ஏ-வுக்கு ஏற்றும். ஐசக்ஸ் காலத்தில் இரண்டையும் ஒரே பெடல் இழுத்தது. 1956 வாக்கில் எமன்ஸ்தான் அதை இரண்டாகப் பிரித்தார். இவருடைய கருவியில் இன்னும் ஒரே பெடலில்தான் இருக்கிறது. முழங்கால் லீவரும் இல்லை. பின்னால் யாராவது கை வைத்திருந்தால் முதலில் அதைத்தானே பிரித்திருப்பார்கள்?

அடியில்பார்:
சரி, அது ஐசக்ஸ் பாணி என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் அந்த ஏற்பாடு ‘ஸ்லோலி’க்குப் பிந்தையது என்றுதானே ஆகிறது, 1952 எப்படி வரும்? பெடலை இணைக்கும் இழுகம்பியை ஒரு கொக்கியிலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்டினால் பெடலின் வேலையே மாறிவிடும். சுலபமாக மாற்றக்கூடிய ஒன்றை வைத்து வயது சொல்லாதீர்கள்.

நாஷ்வில்காரன், கருவியைக் கவிழ்த்து இரண்டு இடம் பாருங்கள். பெடல் இல்லாத ஸ்டீலில், கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் அசையாது. பெடல் வேண்டுமென்றால் ஒவ்வொரு கம்பியையும் இழுக்கிற அசையும் விரல்கள் வேண்டும், அதற்கு அங்கே மரத்தைக் குடைந்தாக வேண்டும். குடைந்த சுவரில் லாக்கர் பூச்சு இருக்கிறதா, பூச்சில்லாத வெறும் மரமாக இருக்கிறதா? அடுத்தது சட்டத்தின் திருகுகள். பக்கத்தில் அடைத்த பழைய துளைகள் உண்டா?

நாஷ்வில்காரன்:
டார்ச் அடித்துப் பார்த்தேன். குடைவின் உட்சுவர் முழுக்க லாக்கர், வெளியே இருக்கும் அதே தேன் நிறம், அதே மாதிரி வெடிப்புக் கோடுகள். சட்டத்துக்கு அரை அங்குலம் தள்ளி நான்கு துளைகளை மரக்குச்சி வைத்து அடைத்திருக்கிறார்கள். அவற்றைச் சுற்றி ஒரு செவ்வகம் மட்டும் வெளுத்திருக்கிறது.

மேப்பிள்:
அவ்வளவுதான், தீர்ந்தது! பூச்சுக்கு முன்பே குடைந்திருக்கிறார், அதாவது பெடலோடு பிறந்த கருவி. வெளுத்த இடம் பிக்ஸ்பியின் சொந்தச் சட்டம் இருந்த இடம்.

அடியில்பார்:
பெடலோடு பிறந்தது, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இப்போது காலடியில் இருப்பது பிக்ஸ்பி சட்டம் இல்லை என்பதும் அதே துளைகளால் உறுதியாகிவிட்டது. ‘1952 பிக்ஸ்பி பெடல் ஸ்டீல்’ என்று மட்டும் எழுதி விற்றால் வாங்குகிறவரை ஏமாற்றுவதாகும்.

மேப்பிள்:
அப்படியானால் அந்தச் சட்டத்தைக் கழற்றிவிட்டு, பழைய துளைகளிலேயே பிக்ஸ்பி மாதிரி ஒன்று வார்த்து மாட்டலாம். அவர் கையிலிருந்து போன நிலைக்குத் திரும்ப வரட்டும்.

அடியில்பார்:
தயவுசெய்து வேண்டாம். புதிதாக வார்த்துப் பூட்டினால் அது இன்னொரு மாற்றம்தான், அதுவும் கண்ணுக்குத் தெரியாத மாற்றம். அடுத்து வாங்குகிறவர் அதையே அசல் என்று நம்புவார். இப்போதிருக்கும் சட்டம் ஒரு வாத்தியக்காரர் வேலைக்குப் போய்வரத் தேவைப்பட்டு மாட்டியது. வேலை செய்கிறது. இருக்கட்டும்.

மேப்பிள்:
எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தச் சட்டத்தோடு பார்க்கும்போது பிக்ஸ்பியின் வேலை பாதிதான் தெரிகிறது. குறைந்தபட்சம் அளவுகளையாவது எடுத்து வையுங்கள்.

நாஷ்வில்காரன்:
அளவும் படமும் எடுத்துவிடுகிறேன் அண்ணே, ஆனால் சட்டத்தைக் கழற்றப்போவதில்லை. பெட்டிக்குள் ஒரு தாள் வைக்கிறேன்: ‘பிக்ஸ்பி இரட்டை எட்டு, 1952 மார்ச் 11, பெடலோடு செய்தது. பெடல் சட்டம் பின்னால் வேறொருவர் மாற்றியது.’ இரண்டாவது நெக்கின் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்) கரகரக்கிறது. அதைத் திறக்காமல் சரிசெய்ய வழி உண்டா?

அடியில்பார்:
முதலில் வால்யூம் பொத்தானைத் திருகிப் பாருங்கள். கரகரப்பு கூடிக்குறைந்தால் கோளாறு அங்கேதான். பிக்கப் மூடியை மட்டும் தொடாதீர்கள், உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் பிக்ஸ்பி கையால் சுற்றியது.