லினக்ஸ் மின்ட்: பழைய ஹார்ட் டிஸ்கில் உள்ள கேம்கள் திறக்கவில்லை

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. என் ஐ5-7400 பிராசஸர் விண்டோஸ் 11-க்கான பட்டியலில் இல்லை. அதனால் லினக்ஸ் மின்ட் 22 என்ற இயங்குதளத்துக்கு மாறினேன். ஜிடிஎக்ஸ் 1650 அட்டை, 16 ஜிபி ரேம்.

எஸ்எஸ்டியில் புதிதாக நிறுவிய கேம்கள், விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்டும் புரோட்டான் வழியாக நன்றாகவே ஓடுகின்றன. சிக்கல், விண்டோஸ் காலத்து 1 டிபி ஹார்ட் டிஸ்க். அது என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் கோப்பு முறை), முக்கால்வாசி நிரம்பியிருக்கிறது. கேம்களை வாங்கி இயக்கும் செயலியான ஸ்டீமில் அதிலுள்ள எந்த கேமைத் தொட்டாலும் பச்சைப் பொத்தான் நீலமாகிறது, சில நொடிகளில் மீண்டும் பச்சையாகிவிடுகிறது. பிழைச் செய்தி எதுவும் வருவதில்லை.

விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை (முழுதாக அணையாமல் வேகமாகத் தொடங்கும் வசதி) அணைத்துவிட்டுத்தான் மாறினேன். டிஸ்குகளை எப்படி இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் யுஐடி (உரிமையாளர்), எக்ஸெக் (இயக்க அனுமதி) சேர்த்தேன். புரோட்டான் பதிப்புகளை மாற்றிப் பார்த்தேன். புரோட்டான் உருவாக்கும் கோப்புப் பெயர்களில் முக்காற்புள்ளி (:) வருவதை என்டிஎஃப்எஸ் ஏற்காது என்று படித்து, அந்தக் கோப்புகள் இருக்கும் காம்ப்டேட்டா கோப்புறையை எஸ்எஸ்டிக்கு மாற்றி இணைப்பும் கொடுத்தேன். பலனில்லை. ஈரோட்டுக் கடைக்காரரோ, "பேசாமல் விண்டோஸையே போட்டுவிடுங்கள்" என்கிறார். அதற்கு மட்டும் மனம் ஒப்பவில்லை.

எல்லாவற்றையும் மறுபடி பதிவிறக்க வழியில்லை. சென்னிமலைக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்து வீட்டுக்குக் கம்பி இணையம் கிடையாது. தினசரி வரம்புள்ள செல்பேசி டேட்டாதான்.

டிஸ்கில் காலியாக உள்ள பகுதியை எக்ஸ்ட்4 (லினக்ஸின் கோப்பு முறை) ஆக்கி, கேம் கோப்புறைகளை ஒவ்வொன்றாக அதற்கு நகர்த்தினால், ஸ்டீம் அவற்றை அப்படியே ஏற்றுக்கொள்ளுமா, அல்லது முழுவதையும் மீண்டும் இறக்கச் சொல்லுமா?